மின்வேலிக்கு வாசல் எங்கே?

‘மின்வேலியில் சிக்கி விவசாயி பலி’, ‘மின்வேலியில் சிக்கி யானை உயிரிழப்பு’. இந்த இரண்டு தலைப்புகளையும் தமிழ்ச் செய்தித் தளங்கள் அச்சுக் கோத்துத் தயாராக வைத்திருக்கின்றனவோ என்று சில சமயம் தோன்றும். ஊரும் மாவட்டமும் மட்டும்தான் மாறுகின்றன. ஆக்லாந்து நகர மையத்தில், குயின் தெருவை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். நான் இருக்கும் இந்த நாட்டில் மின்வேலி இல்லாத மாட்டுப் பண்ணையைப் பார்ப்பதே அபூர்வம். ஒருமுறையாவது அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறாத பண்ணைப் பிள்ளையும் இருக்காது. உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடும். அதே ‘மின்வேலி’ என்ற சொல் நம் ஊரில் எப்படி எமனுக்கு மறுபெயர் ஆனது?

பாதிப் பதில் பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டும் ஒரே பொருள் இல்லை. நம் ஊரில் ஆளைக் கொல்வது, பம்புசெட் லைனிலிருந்தோ வீட்டு இணைப்பிலிருந்தோ நேரடியாகக் கொக்கி போட்டு இழுத்த 230 வோல்ட் கம்பி. அதில் மின்சாரம் இடைவிடாமல் ஓடுகிறது. தொட்டவரின் தசை இறுகிவிடும், கையை எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது, இதயம் தாளம் தப்பும். முறையான மின்வேலியில் இருப்பது ஒரு துடிப்புக் கருவி. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, மில்லி நொடிக் கணக்கில் மட்டும், ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு அது ஓய்ந்துவிடும். வோல்ட் கணக்கைப் பார்த்தால் 8,000, 9,000 என்று மிரட்டும். ஆனால் ஒரு துடிப்பில் இருக்கும் மொத்த ஆற்றலுக்கு உச்சவரம்பு உண்டு. ‘ஒன்பதாயிரம் வோல்ட் கொல்லாதாம், இருநூத்தி முப்பது கொல்லுமாம், என்னப்பா கணக்கு இது?’ என்று ஊரில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கிடைக்கும் அந்த ஒரு நொடிதான் கணக்கு. விலகிப் போவதற்கு அது போதும்.

நியூசிலாந்தில் இது எப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரு சுவையான கதை சொல்வார்கள். 1930-களில் வைக்காட்டோ பகுதியில் பில் காலகர் என்ற விவசாயியின் காரில் ஒரு குதிரை ஓயாமல் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்ததாம். அதை விரட்ட, காரின் தீப்பொறிச் சுருளிலிருந்து லேசாக அதிர்ச்சி கொடுக்க ஓர் ஏற்பாடு செய்தார் அவர். அதிலிருந்து தொடங்கியதுதான் இன்று ஹாமில்டனில் இருக்கும் காலகர் நிறுவனம். 1962-இல் அதே ஊரின் ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தில் டக் பிலிப்ஸ் என்பவர் மின்தேக்கியில் ஆற்றலைச் சேர்த்து ஒரே துடிப்பாக வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்தார். புல் பட்டாலும் ஈரம் பட்டாலும் செத்துப்போகாத வேலி அதற்குப் பிறகுதான் சாத்தியமானது.

இவ்வளவும் கருவியின் கதை. தமிழ்நாட்டில் விவாதம் இங்கேயே நின்றுவிடுகிறது. 2023 மார்ச் 7 அன்று தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் ஒரு விவசாய நிலத்தின் சட்டவிரோத மின்கம்பியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. கூடவே வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. தாயை எழுப்பப் பார்த்தபடி அவை அங்கேயே சுற்றிச்சுற்றி வந்த காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டே தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள் வந்தன. காப்புக்காடுகளைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் புது மின்வேலிக்கு முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும், கருவி பி.ஐ.எஸ். 302-2-76 தரத்தில் இருக்க வேண்டும் என்றது அரசு. நல்ல விதிகள். தாமதமாக வந்தன என்றாலும் தேவையான விதிகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசு தந்த கணக்குப்படி, 2020 டிசம்பர் வரையிலான 10 ஆண்டுகளில் இயற்கைக்கு மாறாக இறந்த 1,160 யானைகளில் 741 மின்சாரம் தாக்கி இறந்தவை. ரயில், வேட்டை, விஷம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். எல்லாம் வேலியால் நேர்ந்தவை அல்ல, தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளும் இதில் அடக்கம். ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

நான் இங்கே பேச வந்தது பதிலின் மறுபாதியைப் பற்றி. அது வாசல்.

சத்தியமங்கலம் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் போனில் ஒருநாள் சோலார் வேலி போடச் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தேன். துடிப்பு, மில்லி நொடி, ஆற்றல் வரம்பு என்று நான் அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “கம்பி கட்டறது பெரிய வேலையா மாப்ள? காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா மாட்ட ஓட்டோணும், தண்ணி கட்டப் போகோணும், பக்கத்துத் தோட்டத்துக்காரங்க அந்தத் தடத்துலதான் வருவாங்க. அதுக்கு என்ன வழி?” என்றார். என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் கேட்டது மின்சாரத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. அந்தக் கம்பியைத் தினமும் பத்துத் தடவை எப்படித் தாண்டுவது என்பதுதான் அவருடைய கேள்வி.

கொங்கு நாட்டுக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து நிலத்தைச் சுற்றி அடைத்திருப்பார்கள். ஆளும் மாடும் நுழைய ஓர் இடம் விட்டு, அதற்கு ஒரு படல் கட்டியிருப்பார்கள். அந்த இடத்துக்குக் கடவு என்று பேர். படலைச் சாத்தி ஒரு கயிற்று வளையத்தை மாட்டினால் முடிந்தது. எந்தப் பிள்ளையும் திறக்கலாம், எந்த மாடும் திறக்க முடியாது. (கடவுச்சீட்டு, கடவுச்சொல் என்று நாம் இன்று சொல்வதெல்லாம் இந்தக் கடவுதான். கடவுச்சீட்டைக் காட்டி நாடு தாண்டி வந்து, நாள் முழுக்கக் கடவுச்சொற்களோடு மாரடிக்கிற எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு.) வேலி அடைக்கத் தெரிந்த நம் ஆட்களுக்குக் கடவு வைக்கவும் தெரிந்திருந்தது. வேலி கம்பியானதும், கம்பியில் மின்சாரம் ஏறியதும், கடவு மட்டும் காணாமல் போய்விட்டது.

சட்டவிரோத மின்வேலியில் வாசலே கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொழுது சாய்ந்ததும் கம்பியை இழுத்துக் கட்டி இணைப்புக் கொடுப்பார்கள், விடிந்ததும் எடுத்துவிடுவார்கள். பகலில் தடமாக இருப்பது ராத்திரியில் பொறியாக மாறும். அது பொறி என்பது வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். இரவில் தண்ணி கட்டப் போகிற பக்கத்துத் தோட்டக்காரர், காணாமல் போன ஆட்டைத் தேடி வருகிறவர், ஏன், இணைப்பைத் துண்டிக்க மறந்த அந்த வீட்டு ஆளேகூட அதில் விழுகிறார். பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைத்தது. பன்றி வரும் வழியும் மனிதன் வரும் வழியும் வரப்பில் ஒன்றுதான்.

சரி, முறையான சோலார் வேலி போட்டவர்கள் நிலை என்ன? அங்கே வேறு விதமான சிக்கல். வேலி போட்டுத் தருகிறவர் நிலத்தின் சுற்றளவை அளந்து, இத்தனை மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். வாசல் என்பது அவருக்கு ஒரு தொல்லை. ஒரு ஸ்பிரிங் கம்பியும் பிளாஸ்டிக் கைப்பிடியும் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கொக்கியைக் கழற்றினால் அதற்கு அப்பால் இருக்கும் வேலி முழுக்கச் செத்துவிடும். அல்லது கழற்றிய கம்பி உயிரோடு தரையில் கிடந்து, மொத்த வேலியின் சக்தியையும் மண்ணுக்குள் இறக்கிவிடும். நாலு நாள் இப்படி நடந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பகலில் கருவியை அணைத்துவிடுவார்கள். பிறகு சாயங்காலம் போட மறப்பார்கள். அதன்பின் வழியில் இருக்கும் இரண்டு கம்பியை அறுத்து முறுக்கி ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். யானைக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள். மின்சாரம் பாயாத தன் தந்தத்தால் கம்பியை நெம்பவும், மரத்தூணைக் காலால் சாய்க்கவும் தெரிந்த விலங்கு அது. மூன்று நாளாகத் திறந்து கிடக்கும் வாசலைக் கண்டுபிடிக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

என் தொழிலில் இது தினசரி நடப்பு. கடவுச்சொல் 16 எழுத்து இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும், பழையது கூடாது என்று கெடுபிடி செய்தால், ஆட்கள் அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைப்பார்கள். அதைப் பயனாளரின் அலட்சியம் என்று எழுதி ஃபைலை மூடுவது சுலபம். உண்மையில் அது வடிவமைப்பின் தோல்வி. பாதுகாப்பான வழி சிரமமாகவும் ஆபத்தான வழி சுலபமாகவும் இருந்தால், மனிதர் சுலபத்தைத்தான் எடுப்பார். விவசாயி மட்டும் விதிவிலக்கா?

இங்கே நியூசிலாந்தில் இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது கருணையால் அல்ல, கூலிச் செலவால். ஒரு பால் பண்ணையின் சராசரி மந்தை 400 மாடுகளுக்கு மேல். அதை ஒருவர், இருவர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தினமும் கறவை முடிந்து புதுப் புல்வெளிக்கு மாற்ற வேண்டும். வாசலில் இரண்டு நிமிடம் வீணானால் வருடத்தில் எத்தனை மணி நேரம் என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் பெற்றோருக்கு வைக்காட்டோவில் பண்ணை இருக்கிறது. அங்கே போனபோது அந்தப் பெரியவர் எனக்கு வேலியைக் காட்டவில்லை. அரை மணி நேரம் வாசல்களைத்தான் காட்டினார்.

முதலாவது, மின்சாரம் வாசல் வழியாகப் போவதே இல்லை. வாசலுக்கு அடியில் குழாய் புதைத்து, அதற்குள் இரட்டை உறையுள்ள கேபிளில் அது அந்தப் பக்கம் போய்விடுகிறது. வாசல் திறந்திருந்தாலும் மற்ற இடமெல்லாம் வேலி உயிரோடு இருக்கும். இந்தக் கேபிள் சாதாரண வீட்டு ஒயர் அல்ல என்பது முக்கியம். நம் கடைகளில் கிடைக்கும் வீட்டு ஒயரின் உறை 1,100 வோல்ட் தாங்கக் கூடியது. எட்டாயிரம் வோல்ட் துடிப்பு அதைத் துளைத்துக்கொண்டு ஈர மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், வேலி மட்டும் வேலை செய்யாது. குழாயின் இரு முனைகளையும் கீழ்நோக்கி வளைத்துவிட்டிருந்தார்கள், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க.

இரண்டாவது, எனக்கு மிகப் பிடித்தது. வாசல் கம்பிக்கு மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? நிலையாகக் கட்டியிருக்கும் பக்கத்திலிருந்து அல்ல. கொக்கி மாட்டுகிற பக்கத்திலிருந்துதான். கொக்கியை மாட்டினால் கம்பிக்கு உயிர், கழற்றினால் உடனே அது வெறும் கம்பி. கையில் பிடித்து இழுத்துப் போகலாம், தரையில் போடலாம், பிள்ளை மிதிக்கலாம். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை, ஒரு முடிச்சை இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு மாற்றிப் போடுவதுதான் வித்தியாசம். மறதி வந்தாலும் ஆபத்து வராத பக்கமாக ஒரு பொருளைச் சாய்த்து வைப்பது என்றால் இதுதான்.

மாட்டின் மனசையும் பார்த்திருக்கிறார்கள். வாசலில் ஒருமுறை அதிர்ச்சி வாங்கிய மாடு அப்புறம் அந்த வழியே வர மறுக்கும். நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். அதனால் தினசரி நடமாட்டம் உள்ள இடத்தில் மின்சாரமே இல்லாத சாதாரணக் கதவு வைக்கிறார்கள். மாடுகள் இயல்பாக ஒதுங்கும் மூலையில் வைக்கிறார்கள், வேலியின் நடுவில் அல்ல. வேலிக்கு அருகிலேயே ஒரு பகுதியை மட்டும் அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது. எனவே ஒரு கம்பியைச் சரிசெய்ய மொத்தத்தையும் அணைத்துவிட்டு வர வேண்டியதில்லை.

இதற்கு மேலே போனவையும் உண்டு. ஹாமில்டனில் நாவல் வேஸ் என்ற நிறுவனம் செய்யும் பேட்-லாட்ச் என்ற கருவி, குறித்த நேரத்துக்கு வாசல் கொக்கியைத் தானே விடுவித்துவிடும். விடியற்காலையில் ஆள் போகாமலேயே மாடுகள் எழுந்து கறவைக்கூடத்துக்கு நடந்து வரும். ஆக்லாந்திலேயே தொடங்கிய ஹால்டர் நிறுவனம் வேலியையே தூக்கிவிட்டது. மாட்டின் கழுத்துப்பட்டை ஒலியும் அதிர்வும் கொடுத்து வழிநடத்துகிறது, வாசல் என்பது செல்போன் திரையில் ஒரு கோடு. என் துறைக்காரர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் நம் குடும்பத்துக்கு இது ஆகாது. தவிர, காட்டுப்பன்றிக்கு யார் போய்ப் பட்டை கட்டுவது?

இங்கே ஒரு மறுப்பு வரும்: நியூசிலாந்தில் யானை கிடையாது, மாட்டை உள்ளே வைக்கும் வேலியையும் யானையை வெளியே வைக்கும் வேலியையும் எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்வி. கம்பியின் உயரம், தூணின் பலம், துடிப்பின் வேகம் எல்லாமே மாறும். ஆனால் இரண்டையும் தினமும் கடப்பது மனிதனும் மாடும்தான். அந்த இடம் மாறுவதில்லை.

தவிர இது வெளிநாட்டு ஆடம்பரம் ஒன்றும் இல்லை. தமிழக விதி சொல்லும் பி.ஐ.எஸ். தரத்துக்கு மூலம் ஐ.இ.சி. 60335-2-76 என்ற சர்வதேசத் தரம். அதன் இணைப்பில் தெளிவாக இருக்கிறது: விலங்குகளுக்கான மின்வேலி பொதுப்பாதையைக் கடக்கும் இடத்தில் மின்சாரம் பாயாத கதவு வைக்க வேண்டும், அல்லது ஏறிக் கடக்கப் படி அமைக்க வேண்டும். அந்த இடத்தை ஒட்டிய கம்பிகளில் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். பலகை குறைந்தது 10 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. முள்கம்பியில் மின்சாரம் ஏற்றவே கூடாது. வேலிக் கருவியின் எர்த் கம்பி, வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கருவிப் பெட்டியின் மேல் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘தரப்படி உள்ளது’ என்று எழுதிவிட்டால், அந்தத் தரத்தின் பாதியைத்தான் நாம் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இலங்கை அனுபவம் இன்னொரு விதத்தில் உதவும். அங்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மின்வேலி போட்டும் யானையும் மனிதரும் சாவது நிற்கவில்லை. பிருத்திவிராஜ் பெர்னாண்டோ என்ற யானை ஆய்வாளர் பல காலமாகச் சொல்வது இது: வன எல்லையில் நிரந்தர வேலி போடாதீர்கள், ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுங்கள், ஊர்க்காரர்களே பராமரிக்கட்டும். வயல் வேலி பயிர் இருக்கும் பருவத்துக்கு மட்டும்தான். அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், யானை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகும். இதுவும் ஒரு வாசல்தான், இடத்தில் வைக்காமல் காலத்தில் வைத்த வாசல். ஊர்க்கமிட்டி வைத்திருப்பதால் ‘யார் சாத்துவது, யார் திறப்பது’ என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. நம் ஊரில் பொதுத்தடத்தின் குறுக்கே வரும் வேலிக்கு இந்தக் கேள்விதான் பெரிய சண்டை. ‘உன் வேலிக்கு நான் ஏன் படல் சாத்தணும்?’ என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை.

அரசு இன்று என்ன செய்யலாம்? சோலார் வேலிக்கு மானியம் கொடுக்கிறது. அந்த மதிப்பீட்டில் மீட்டர் கணக்கோடு கடவுக்கணக்கும் ஒரு தனி வரியாக வர வேண்டும். ஒரு கடவுக்குப் புதைகுழாய், உயர் அழுத்தக் கேபிள், மின்சாரம் பாயாத கதவு, துண்டிப்பு சுவிட்ச், பலகை என்று ஒரு தொகுப்பாகவே கொடுத்துவிடலாம். மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். பதிவு விண்ணப்பத்தோடு ஒரு கைவரைபடம் கேட்கட்டும்: வேலி எங்கே, தடம் எங்கே, வாய்க்கால் எங்கே, ஆளும் மாடும் எங்கே கடக்கிறார்கள். ஆய்வுக்கு வரும் வனத்துறை ஊழியரும் மின்வாரிய ஊழியரும் கருவியைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கொக்கியைத் தங்கள் கையால் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கட்டும். கழற்றிய கம்பி செத்ததா, எதிர்ப்பக்க வேலி உயிரோடு இருக்கிறதா என்பதை ஒரு சோதனைக் கருவி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தால் ஒன்றியத்துக்கு நாலு பேர் இந்த வேலைக்குக் கிடைப்பார்கள்.

குத்தகை விவசாயிதான் இதில் கடினமான கேள்வி. ஒரு போகம் மட்டும் நிலத்தில் இருக்கப்போகிறவர் சோலார் வேலிக்குப் பணம் போட மாட்டார், அவர் பெயரில் மானியமும் வராது. பட்டா நிலக்காரர் பெயரில்தான் வரும். பன்றி மட்டும் குத்தகைக்காரரின் கடலையைத்தான் தோண்டும். ராத்திரியில் கொக்கி போடுகிறவர்களில் இவர்களும் உண்டு என்பதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவதால் அடுத்த குத்தகைக்காரர் திருந்தப் போவதில்லை. கழற்றி எடுத்துப் போகக்கூடிய, பேட்டரியில் ஓடும் சிறு கருவியையும் சுருட்டி வைக்கும் கம்பியையும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போக வாடகைக்குக் கொடுக்க முடியும். டிராக்டரும் பவர் டில்லரும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும்போது வேலி ஏன் கிடைக்கக் கூடாது?

மாமாவின் தோட்டத்துக்கு இப்போது வரைபடம் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று கடவு வேண்டும் என்று நான் குறித்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு நாலாவதாக ஒன்றை, கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில், பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரும் தடம் அது.